அம்மாச்சியின் கூலி, அம்மாவின் அட்டை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஆமத்தூர். காலை ஏழு மணிக்கு ரோட்டோரம் வந்து நின்றால், தூக்குவாளியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேன் ஏறுவதைப் பார்க்கலாம். "எங்கேக்கா கிளம்பிட்டீக?" என்று கேட்டால், "ஆபீஸுக்கு" என்பார்கள். வெளியூர் சகோதரிகள் ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று நினைத்துவிட வேண்டாம்! எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், பட்டாசு செய்கிற இடமும் ஆபீஸ்தான்.

இந்த ஆபீஸ் வேலை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போது வந்தது என்று விசாரித்தால், கதை இரண்டாவது உலக யுத்தத்தில் போய் நிற்கிறது. என் அம்மாச்சி யுத்த காலத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவர். என் அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் உழைத்த உழைப்பில் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் வயதான காலத்தில் ஒருவர் கையில் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் வருகிறது; இன்னொருவருக்குக் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. அந்த வித்தியாசம் எதனால் என்பதை வேலைக்குப் போகும் பெண்களும், போக நினைக்கும் இளம் தாய்மார்களும் தெரிந்துகொள்வது நல்லது.

யுத்தம் கொண்டுவந்த வேலை

எங்களுடையது கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும்; பெய்யாவிட்டால் பட்டினி. 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அதன்பின் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தொழில் பரவியது. பம்பாய்ப் பக்கம் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி இயந்திரத்தில் தீப்பெட்டி செய்தது. இங்கே எல்லாம் கைவேலை. அதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன.

பட்டாசு அப்போது பெரும்பாலும் சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1939ல் யுத்தம் வந்ததும் வரத்து நின்றது. 1940ல் வெடிபொருள் விதிகள் வந்து, லைசென்ஸ் வாங்கித்தான் பட்டாசு செய்ய வேண்டும் என்றானது. சிவகாசியில் ஒழுங்கான பட்டாசு ஆலைகள் வேரூன்றியது அந்த வருஷங்களில்தான்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் வசமானது. பர்மா அரிசி வருவது நின்றுபோய், தானியமெல்லாம் விலை ஏறியது. அப்போது அம்மாச்சிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் ஐந்து பிள்ளைகள், மூத்தவர் இவர்.

"எங்கய்யா ஒண்ணும் சொல்லலை தாயீ. எங்காத்தாதான் ஒருநாள் விடியக்காலம் எழுப்பி, தலை சீவி, அடுத்த வீட்டு மதினிகூட அனுப்பிவச்சா. அன்னைக்கிருந்து ஆபீஸ்தான்" என்பார் அம்மாச்சி.

பள்ளத்தோடிய மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசையாக வைப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டங்களை அடுக்கி இறுக்கினால் ஒரு கட்டை. இதற்குக் கட்டை அடுக்குவது என்று பெயர். அந்தக் கட்டையைத்தான் மருந்தில் முக்குவார்கள். எத்தனை கட்டை அடுக்கினோமோ அத்தனைக்குக் கூலி. நாள் முழுக்க அடுக்கினால் இரண்டணா மூன்றணா கிடைக்குமாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக்கூடாது என்று 1938லேயே சட்டம் இருந்தது. அம்மாச்சியோடு எட்டு வயதுப் பிள்ளைகளும் உட்கார்ந்து அடுக்கியதாகச் சொல்வார்.

யுத்தம் முடிந்தபின்

அதே காலத்தில் சீமையிலும் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1941 டிசம்பரில் பிரிட்டனில், இருபது முதல் முப்பது வயதுவரை உள்ள மணமாகாத பெண்களை யுத்தப் பணிக்கு அழைக்கச் சட்டமே போட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்களை அரசாங்கப் பணத்தில் நடத்தினார்கள். 1945ல் யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெண்களில் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். காப்பகங்களும் ஏராளமாக மூடப்பட்டன. நம் நாட்டிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கக்கூடாது என்றிருந்த தடையை 1943ல் யுத்தத்துக்காக விலக்கி, 1946ல் மறுபடியும் போட்டார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுவது, தேவை தீர்ந்தால் போகச் சொல்வது!

எங்கள் பக்கத்துப் பெண்களை யாரும் போகச் சொல்லவில்லை. இவர்கள் ஆண்களின் இடத்துக்கு வந்தவர்கள் இல்லையே. யுத்தம் முடிந்தாலும் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டும், தீபாவளிக்குப் பட்டாசு வேண்டும். வேலை தங்கிவிட்டது.

வீடு தேடி வந்த வேலை

1948ல் அம்மாச்சியை ஆமத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். தாத்தாவுக்கு அரை ஏக்கர் மானாவாரி நிலம். அடுத்தடுத்துப் பிள்ளைகள் பிறக்க, ஆபீஸுக்குப் போக முடியவில்லை. அதனால் வேலை வீட்டுக்கு வந்தது. ஏஜெண்டு மெல்லிய மரச் சீவலும் காகிதமும் கொண்டுவந்து போடுவார். அம்மாச்சி மைதாப் பசை காய்ச்சி அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டிக் கொடுப்பார். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலிக் கணக்கு குரோஸில்தான்.

இதில் சௌகரியம் இல்லாமல் இல்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒட்டலாம். உலை வைத்துவிட்டு வந்து ஒட்டலாம். ஆனால் விளக்கு அணைகிற வரை வேலைக்கு முடிவே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் ஒட்ட வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்களாம். தவழும் பிள்ளை அதில் கைவைத்துவிடாமல் பார்ப்பதே பெரும்பாடு. பெட்டி கோணல் என்று ஏஜெண்டு கழித்துவிட்டால் அந்தக் கூலி போயிற்று.

இப்படி ஏறக்குறைய முப்பது வருஷம். அந்தக் காசில்தான் வீட்டுக்கு ஓடு போட்டார்கள், என் அம்மாவுக்குத் தோடு வாங்கினார்கள். ஆனால் "வீட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று யார் கேட்டாலும் அம்மாச்சி, "சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்வார். அவர் பெயர் எந்த ஆபீஸ் ஏட்டிலும் இல்லை. பிரசவத்துக்கு லீவு இல்லை, கண் மங்கியபோது வைத்தியச் செலவு இல்லை, ஓய்வூதியம் இல்லை. 2009ல் காலமாகும்வரை பிள்ளைகள் கையைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

அம்மாவுக்குக் கிடைத்த அட்டை

அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போனது 1980ல். நான் அப்போது கைக்குழந்தை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தில் 1976 முதல் இருந்தது. அம்மா போன இடத்தில் ஒரு கொட்டகையும் நாலு தொட்டிலும் ஒரு பாட்டியம்மாவும் இருந்தார்களாம். அதை நம்பித்தான் போனார். காகிதக் குழாய் சுருட்டுவது, பெட்டியில் அடுக்கி லேபிள் ஒட்டுவது என்று மருந்தறைக்கு வெளியே உள்ள வேலை.

ஏழெட்டு வருஷம் கழித்து அந்த ஆலையில் இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் தொடங்கியது. பெண்களுக்குள் ஒரே சலசலப்பு. "நம்ம கூலியில எதுக்குக் கை வைக்காக?" என்று சிலர் பதிவே வேண்டாம் என்றார்கள். அம்மா மட்டும், "எங்காத்தா கதி எனக்கு வேண்டாம்" என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். என் தம்பி பிரசவத்துக்குப் பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. 2013ல் ஐம்பத்தெட்டு வயதில் நின்றபோது, பி.எஃப். பணம் மொத்தமாக வந்தது, பென்ஷனும் தொடங்கியது. 2014 செப்டம்பரில் இந்தப் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. ஆயிரம் ரூபாய் இன்றைய விலைவாசிக்கு ஒரு தொகையா என்று கேட்பீர்கள். மாத்திரைக்கும் பேத்தி கையில் பத்து ரூபாய் கொடுப்பதற்கும் அம்மா யாரையும் கேட்பதில்லை. அதுவே பெரிது.

இதற்கு நேர்மாறாக எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்குப் பதிலாக நாலு நாள் வேலைக்குப் போனாள் ஒரு பெண். நாலாம் நாள் வெடிவிபத்து. அவள் பிழைக்கவில்லை. ஏட்டில் இருந்தது நாத்தனார் பெயர். அவள் அங்கே வேலையில் இருந்தாள் என்று காட்டவே, இரண்டு பச்சைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் புருஷன் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார்.

மாறிவரும் வேலைகள்

இப்போது தீப்பெட்டி பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. மரச் சீவல் பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்துவிட்டது. 2018 அக்டோபரில் பேரியம் சேர்ந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் சுப்ரீம் கோர்ட் தடை சொன்னபின், பட்டாசு ஆபீஸிலும் வேலை நாள் குறைந்தது. பெண்கள் அச்சகத்துக்கும், தையலுக்கும், ராஜபாளையம் பக்கத்து மில்லுக்கும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வேலைக்கும் மாறுகிறார்கள். 1982ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது ஆயா வேலை கிடைத்த பெண்கள் பாக்கியசாலிகள் என்பார் அம்மா.

ஒரு நல்ல மாறுதலும் உண்டு. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்தன. அம்மாச்சியின் வயதில் ஆபீஸ் போன பிள்ளைகளுக்குப் பதிலாக, இன்று சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு

பெயரும் கணக்கும்:

* வேலையில் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களில் இது கட்டாயம். அடுத்தவர் பெயரில் ஒருநாள்கூட வேலைக்குப் போகாதீர்கள்.

* ஆதார், ரேஷன் கார்டு, பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல் இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான்.

* ஆபீஸ் மாறினால் பழைய பி.எஃப். எண்ணையே கொடுங்கள். பத்து வருஷக் கணக்கு சேர்ந்தால்தான் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன். கல்யாணம், காதுகுத்து என்று நடுவில் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் போய்விடும். வேலையை விட்டாலும், அந்தப் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைக்கலாம். மறுபடி வேலைக்குப் போகும்போது பழைய வருஷங்களும் சேரும்.

* இ.எஸ்.ஐ.க்கு நம் கூலியில் நூறு ரூபாய்க்கு 75 காசுதான் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்டுகிறார். குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. முதல் இரண்டு பிரசவத்துக்கு 2017 முதல் 26 வாரம் சம்பளம் உண்டு. வேலையில் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும்.

* வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் தொழிலாளர் நல வாரியத்திலும், 2021ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவிலும் பெயர் சேர்த்துவிடுங்கள்.

உடம்பு:

* பட்டாசு ஆபீஸுக்குப் பருத்திப் புடவையே கட்டுங்கள். நைலான், பாலியஸ்டர் உரசலில் நெருப்புப் பொறி உண்டாகும். வீடு வந்ததும் கைகால் கழுவி, புடவை மாற்றிய பிறகே பிள்ளைக்குப் பால் கொடுங்கள்.

* கக்கூஸ் போக வசதியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம். நீர்க்கடுப்புக்கு அதுவே காரணம். பாட்டில் தண்ணீரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

* சோகை எங்கள் பக்கம் அதிகம். முருங்கைக்கீரை, கம்பங்கூழ் இரண்டும் கைக்கெட்டிய மருந்து. கூடவே எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்தச் சத்து ஒட்டாது.

* தீக்காயத்தில் இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவாதீர்கள். இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, சுத்தமான துணி போர்த்தி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* காசுக்கு ஆசைப்பட்டுப் பட்டாசு வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது சட்டப்படி குற்றம். பிள்ளைகள் தூங்குகிற வீடு அது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் பெண் யாராக இருந்தாலும், மகளோ மருமகளோ, இ.எஸ்.ஐ. அட்டையையும் பி.எஃப். எண்ணையும் எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். பெயர் சரியாக இருக்கிறதா, வாரிசாக யாரைப் போட்டிருக்கிறது, பணம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பார்த்துச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான்.