ரசாயனமும் நெட்டுருவும்

மயிலாப்பூர்க் குளக்கரையிலும், பாண்டி பஜாரை அடுத்த தெருக்களிலும், அடையாற்றிலும் மாலை வேளைகளில் பயிற்சி நிலையங்களுக்கு விரையும் பிள்ளைகளை எவரும் காணலாம். அவர்கள் நோட்டுகளில் ரசாயன வினைகளின் ஜாபிதா நீண்டு கிடக்கிறது. அதை இரவெல்லாம் உருப்போட்டால் வைத்தியக் கல்லூரியின் கதவு திறக்கும் என்பது பெற்றோர் பலருடைய நம்பிக்கை.

நாம் மனப்பாடத்தின் விரோதிகளல்ல. எண்சுவடியையும் நிகண்டையும் நெட்டுருச் செய்த பரம்பரை நம்முடையது. ஆயினும் நீட் பரீட்சையின் தன்மையை யோசிக்க வேண்டும். 2025-ல் அது 180 நிமிஷங்களில் 180 கேள்விகளாக நடந்தது. அவற்றில் 45 ரசாயனம். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 பறிபோகும். வினையை அறவே அறியாதவன் கேள்வியை விட்டுவிடுவான், நஷ்டமில்லை. அரைகுறையாக உருப்போட்டவனே அகப்பட்டுக் கொள்கிறான்.

ஓர் உதாரணம் கூறுவோம். அஸிடால்டிஹைடை நீர்த்த காரத்துடன் சேர்த்தால் ஆல்டால் வினை நிகழும். பென்ஸால்டிஹைடைச் செறிந்த காரத்துடன் சேர்த்தாலோ, ஒரு மூலக்கூறு ஆல்கஹாலாகவும் மற்றொன்று அமிலத்தின் உப்பாகவும் மாறும். இதை 1853-ல் வெளியிட்டவர் இத்தாலியரான கானிஸாரோ. இவ்விரண்டையும் தனித்தனியே உருப்போட்ட பிள்ளை, வினாத்தாளில் பார்மால்டிஹைடைக் கண்டதும் திகைக்கிறான். ஆல்டிஹைடுத் தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன் உண்டா என்று பார்க்கப் பழகியவனுக்குத் திகைப்பில்லை. உண்டெனில் ஆல்டால், இல்லையெனில் கானிஸாரோ. பார்மால்டிஹைடில் அடுத்த கார்பனே கிடையாதே!

காரணம் எளிதில் கைகொடுக்காத இடங்களும் உண்டு. டையஸோனியம் உப்பிலிருந்து குளோரோபென்ஸீன் பெற ஸாண்ட்மேயர் முறையில் குப்ரஸ் குளோரைடு, காட்டர்மன் முறையில் செப்புத் தூள். இவற்றை உருப்போடுவதே வழி. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். மறுநாளும், அடுத்த வாரமும் எழுத வேண்டும். வெறுமனே திரும்பத் திரும்ப வாசிப்பது, தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தையே தரும்.

சோதனைக் குழாயின் உட்புறத்தில் வெள்ளி படிந்து மின்னுவதை ஒருமுறை கண்டவன் டாலன்ஸ் சோதனையை எளிதில் மறவான். அந்தக் காட்சியைக் காட்டச் சோதனைச் சாலை வேண்டும்; காரணம் விளக்கத் தாய்மொழி வேண்டும். பஸ்லுல்லா சாலையில் வசித்த ராஜாஜி, வக்கீலாயிருந்தும், 'திண்ணை ரசாயனம்' என்று தமிழிலேயே நூல் எழுதினார். நீட் வினாத்தாள் 2017 முதல் தமிழிலும் வருகிறது. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்காக, மாநகராட்சிப் பள்ளிகளின் சோதனைச் சாலைகளை மாலையில் இரண்டு மணி நேரமாவது, ஆசிரியர் ஒருவருடன், திறந்து வைக்க அதிகாரிகள் ஏற்பாடு செய்வார்களா?