கல்லும் ஒரு புத்தகம்

ஏரிக்கரையிலும் கோயில் ஓரத்திலும் வயல் வரப்பிலும் பழைய பலகைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வீரன் வில்லோ வாளோ ஏந்தி நிற்பான். சில ஊர்களில் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். சில ஊர்களில் அதன் மேல் துணி துவைக்கிறார்கள். அது என்ன கல்?

அதன் பெயர் நடுகல். கன்னடத்தில் வீரகல்லு என்பார்கள். அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். எதிரிகள் ஊர் மாடுகளை ஓட்டிச் செல்வார்கள். அவற்றை மீட்கப் போய் உயிர் விட்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். போரில் இறந்தவனுக்கும், புலியோடு போராடி இறந்தவனுக்கும் நட்டார்கள்.

பல கற்களில் மூன்று அடுக்குப் படம் இருக்கும். கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். கீழே சண்டை. நடுவில் தேவமகளிர் வீரனை அழைத்துப் போகிறார்கள். மேலே அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். எழுத்துத் தெரியாதவரும் இந்தக் கதையைப் படிக்கலாம்.

எழுத்து உள்ள கற்களும் உண்டு. அத்திபெலேயிலிருந்து பெங்களூர் போகும் வழியில், பொம்மனஹள்ளிக்கு அருகே பேகூர் இருக்கிறது. அங்கே நாகேஸ்வரர் கோயிலில் சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் ஒன்று கிடைத்தது. "பெங்களூர் சண்டையில்" ஒருவர் இறந்தார் என்று பழைய கன்னடத்தில் அது சொல்கிறது. வீரபல்லாள ராஜாவுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்ததால்தான் பெங்களூர் என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. அந்த ராஜாவுக்கு 200 ஆண்டுகளுக்கும் முன்பே அந்தப் பெயர் இருந்தது என்பதை இந்த ஒரு கல் காட்டிவிட்டது!

2018இல் ஹெப்பாளில் மண் தோண்டும்போது இன்னொரு கல் கிடைத்தது. அது சுமார் 750ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சண்டையில் மாண்ட கித்தய்யா என்பவரின் பெயர் அதில் உள்ளது.

பல மதத்தாரும் இப்படிக் கல் செதுக்கினார்கள். சென்னை பரங்கிமலையில் 1547இல் ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பழைய பாரசீக எழுத்து இருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் என்ற நாட்டிலும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சிலுவைக் கற்கள் பல உண்டு. அங்கேயும் சில கற்கள் வாசல் தூணாகவும் ஓடைப் பாலமாகவும் கிடந்தன. மக்கள் விழித்துக்கொண்டார்கள். இன்று மார்கம் என்ற ஊரில் அவற்றுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது.

நம் பக்கம் நாளும் புது வீடு, புது சாலை வருகிறது. ஜேசிபி ஒரு தள்ளு தள்ளினால் ஆயிரம் ஆண்டுக் கல் உடைந்துபோகும். புதையல் ஆசையில் சிலர் தோண்டிச் சாய்க்கிறார்கள். கல்லுக்கு அடியில் பொன் இல்லை. கல்தான் பொன்.

பழைய கல்லைக் கண்டால் சுரண்டாதீர்கள். பெயின்ட் அடிக்காதீர்கள். இடம் மாற்றாதீர்கள். பஞ்சாயத்துக்கோ, தாசில்தாருக்கோ, தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். ஊருக்காக உயிர் விட்டவரின் பெயரைக் காப்பது ஊரின் கடமை அல்லவா?