கரையோரக் கூலி – 6: மழை யார் கணக்கில்?

சென்ற வாரம் நாம் பார்த்த விசைப்படகுகளின் பங்கு முறையில், வலை வெறுமையாய் வந்த அன்று படகுக்காரருக்கும் நஷ்டம், ஏறிப்போன ஆளுக்கும் நஷ்டம். அதை விட்டு நகர்ந்து, சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட மாரியூர், வாலிநோக்கம் கரைக்கு வந்தால் முதலாளி ஸ்தானத்தில் ஒரு தனவந்தர் இல்லை, அரசாங்கமே இருக்கிறது. சிவகங்கையும் விருதுநகரும் பிரியாதிருந்த பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் வறட்சிக்குப் பரிகாரமாக ஏதேனும் ஒரு தொழிலைத் தோற்றுவிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், 1974-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உப்புக் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. மானாவாரிக்கும் பனைக்கும் விடப்பட்டிருந்த பிரதேசத்தில் அது ஓர் உபகாரமே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் உபகாரம் வேறு, கூலிக் கணக்கு வேறு. உப்பளத்தில் உண்மையான மேலதிகாரி சூரியன்தான். கடல்நீர் தெப்பத்தில் தேங்கி, கட்டுக்குக் கட்டு மாறி, சுண்டிச் சுண்டி, அடர்த்திக் கணக்கில் மூன்று டிகிரியில் ஏறிய தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போது பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. முப்பதை நெருங்க விட்டாலோ மக்னீசியம் கலந்து உப்பு கசந்துவிடும், ஆகவே அந்தத் தண்ணீரைக் காலத்தில் வெளியேற்றிவிட வேண்டும். இதற்கென ஒரு மானி இருந்தாலும், பாத்தியின் நிறம் சிவப்போடுவதைக் கண்டே பக்குவம் சொல்லும் ஆட்கள் இன்றும் உண்டு. இந்த ஞானத்துக்குச் சம்பளப் பட்டியலில் தனிப் பத்தி இருப்பதாகத் தெரியவில்லை.

வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை ஆரம்பமாகிவிடும். ஆண்கள் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் அடியிலுள்ள உப்பை உடைத்து இழுத்து வரப்போரம் சேர்க்க, பெண்கள் அதைப் பெட்டியில் வாரித் தலையில் ஏற்றி அம்பாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பெட்டியிலிருந்து கசியும் நீர் கழுத்தில் வழிந்து காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். குதிகால் வெடிப்பில் அந்த நீர் புகுந்தால் ஏற்படும் எரிச்சலைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ரப்பர் பூட்ஸைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னால், அதற்குள் தண்ணீர் புகுந்து கால் ஊறிப் போவதைக் காட்டிலும் வெறுங்காலே மேல் என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பூட்ஸைத் தேர்ந்தெடுக்கும் கனவான்கள் ஒரு காலைப்பொழுதாவது பாத்தியில் இறங்கி நின்றிருப்பார்களானால் வேறு மாதிரியான பூட்ஸ் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் சகித்துக்கொள்பவர்களும் சகிக்கமாட்டாத விஷயம் ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கியவுடன் பாத்திகள் நல்ல தண்ணீராகி, அம்பாரத்தின்மேல் ஓலை வேய்ந்து மூடியாகிவிடுகிறது; நாட்கூலிக்காரருக்கு நாளே இல்லாமற் போகிறது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேலை செய்த நாளுக்கு இவ்வளவு என்று சொன்னதேயன்றி, வானம் பறித்துக்கொண்ட நாளைப் பற்றி வாய் திறந்ததில்லை. நிலமுள்ள குடும்பத்துக்கு அதே மழை மிளகாய்க்கும் நெல்லுக்கும் வரவு. நிலமில்லாதவருக்குச் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைதான், அதுவும் விறகு நனையாத நாட்களில். பனையேறலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பதநீரும் உப்பைப் போலவே வெயிற்காலச் சரக்கு.

கழகம் ‘நெய்தல்’ என்ற பெயரில் தன் உப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்த 2022-ஆம் ஆண்டில், உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தையும் அரசு தொடங்கிவைத்தது. மழை என்பது தொழிலாளியின் தலைவிதி மட்டும் அன்று, தொழிலின் செலவும்கூட என்று சர்க்கார் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த சாசனமாக இதை நான் மதிக்கிறேன். எனினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 92 நாட்களுக்கு அதைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 54 ரூபாய் சில்லறை விழுகிறது. இயந்திரத்தின் தேய்மானத்தை வருஷந்தோறும் செலவில் எழுதும் ஸ்தாபனங்கள், ஆண்டுதோறும் தவறாமல் வரும் இந்த மூன்று மாதங்களையும் அதே புத்தகத்தில் எழுதி, உப்பின் விலையிலேயே சேர்த்து வாங்கிக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

(அடுத்த வாரம்: மண்டபம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள்)