புது கேம் கன்சோல்: எதை வாங்குவது? ஏன்?

பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். இந்தியாவில் இரண்டும் ஒரே விலையில்தான் அறிமுகமாயின: 49,990 ரூபாய். பிறகு என்ன வித்தியாசம்?

கெங்கவல்லி பக்கத்து ஜவ்வரிசி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் இயந்திரம், வாசலில் கிழங்கு கொண்டுவரும் லாரி. லோடு வராவிட்டால் எவ்வளவு பெரிய இயந்திரமும் சும்மாதான் நிற்கும்.

கன்சோலில் படம் வரையும் சிப்தான் இயந்திரம். கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டிதான் லாரி. பழைய கன்சோல்களின் சுழலும் ஹார்ட் டிரைவ் விநாடிக்குச் சுமார் 100 எம்பிதான் கொடுத்தது. ‘லோடிங்’ என்று திரை உறைந்து நின்றது அதனால்தான். சீரிஸ் எக்ஸ் விநாடிக்கு 2.4 ஜிபி தருகிறது, பிளேஸ்டேஷனோ 5.5 ஜிபி தருகிறது. வரையும் பலத்திலோ எக்ஸ்பாக்ஸ் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிகம். ஆக, ஒருவர் லாரியைப் பெரிதாக்கினார், மற்றவர் இயந்திரத்தை. விளையாடும்போது இந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது.

உங்கள் ஊருக்கு முக்கியமான கேள்வி வேறு: கேம் வீட்டுக்கு எப்படி வரும்? 100 ஜிபி கேமை 20 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்கப் பதினொரு மணி நேரம் ஆகும். விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட வழியே இல்லை; டிஜிட்டல் பிளேஸ்டேஷனும் டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வருகிறது.

இணையம் மெதுவான வீடா? டிஸ்க் போடும் கன்சோலையே வாங்குங்கள். ஆடி முடித்த டிஸ்க்கை விற்றுக் காசாக்கவும் முடியும்.