ஓடும் பட்டையில் ஒரு தெரு

பக்கவாதத்தில் கை கால் விழுந்தவர் தேறி எழுந்துவிட்டால், வீட்டுக்குள் சுவரைப் பிடித்தாவது நடந்துவிடுவார். தெருமுனைக்கு வந்ததும்தான் திணறல். சிக்னலைப் பார்க்க வேண்டும், வண்டி வருகிறதா என்று திரும்ப வேண்டும், இழுத்துக்கொண்டு வரும் காலைத் தூக்கி வைக்கவும் மறக்கக் கூடாது. விநாடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவாக நடப்பவருக்கு வீடுதான் எல்லை, 0.8 மீட்டரைத் தாண்டினால்தான் வெளியே தாராளமாகப் போய்வரலாம் என்று கலிஃபோர்னியாவில் ஜாக்குலின் பெர்ரி குழுவினர் 1995இல் வகுத்தார்கள்.

வேகத்தைக் கூட்ட ட்ரெட்மில் என்ற ஓடும் பட்டை வந்தது. அதற்கு வித்திட்டது விலங்கு ஆய்வு: தண்டுவடம் அறுபட்ட பூனைகளை ஓடும் பட்டையில் நிறுத்தினால் பின்னங்கால்கள் மாறி மாறி அடி வைத்தன. பழக்கப் பழக்க நடை தேறியது. மனிதருக்கும் இது உதவுமா என்று பார்த்தார்கள். உடம்பில் வார் கட்டி, எடையில் ஒரு பங்கை மேலிருந்து தாங்க, பிசியோதெரபிஸ்ட் கீழே உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பார். பெருவிரல் பட்டையில் உரசினால் அவர் கைக்குத்தான் முதலில் தெரியும்.

அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்த லீப்ஸ் ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. ஓராண்டு முடிவில் 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி மேலே வந்திருந்தது. ஆனால் ட்ரெட்மில்லில் பழகியவர்களுக்கும், வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்டிடம் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. பெரிய இயந்திரம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி என்றே நினைக்கிறேன்.

பட்டை காலைப் பழக்கும், தெருவைக் காட்டாது. அந்தக் குறையைத் தைவானில் யா-ரூ யாங் குழுவினர் கையில் எடுத்தார்கள். ட்ரெட்மில்லுக்கு முன்னால் திரை வைத்து, தைபேயின் சாதாரணக் குடியிருப்புப் பகுதி ஒன்றை அதில் ஓடவிட்டார்கள். சந்தில் நடக்க வேண்டும், சாலையைக் கடக்க வேண்டும், வழியில் கிடப்பதைத் தாண்ட வேண்டும், பூங்காவில் உலாவ வேண்டும். ஒரு முறைக்கு 20 நிமிடம், வாரம் மூன்று நாள், மூன்றே வாரம். 2008இல் வெளியான முடிவில், வெறும் ட்ரெட்மில்லில் பழகியவர்களைவிட இவர்கள் வேகமாக நடந்தார்கள். வெளியில் நிஜமாக நடக்கவிட்டுப் பார்த்தபோதும் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 20 பேர்தான். அதை வைத்து எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

அடிக்கடி விழும் முதியவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள் உள்பட 302 பேரிடம் இதே உத்தியைச் சோதித்த ஆய்வு 2016இல் லான்செட் இதழில் வந்தது. திரையோடு பழகியவர்கள் விழுவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. வெறும் பட்டையில் நடந்தவர்களிடம் அந்த அளவு குறையவில்லை.

திரை கவனத்தை மட்டும் பழக்குவதில்லை. நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைக் கால் மட்டுமா சொல்கிறது? இருபுறமும் பின்னோக்கி ஓடும் சுவரையும் மரத்தையும் பார்த்துக் கண்ணும் கணக்குப் போடுகிறது. கனடாவில் பக்கவாதம் வந்தவர்களை வைத்து 2007இல் இதைச் சோதித்தார்கள். கண்ணெதிரே காட்சி ஓடும் வேகத்தைக் குறைத்தார்கள். மெதுவாகப் போகிறோம் என்று மூளை நினைத்துக்கொள்ள, யாரும் சொல்லாமலே கால்கள் நடையை எட்டிப் போட்டன.