உயரத்துக்கு விழுந்த ஓட்டு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் புதுமுக வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுப்பதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். யாரை எடுப்பது என்ற வாக்குவாதம் ரசிகர்களிடையே முன்பே களைகட்டிவிடும். போர்ட்லாண்ட் அணியின் ரசிகர்களுக்கோ அது ஆறாத புண். 1984-இல் இரண்டாவதாக எடுக்கும் வாய்ப்பு. அணியில் ஏற்கெனவே கிளைடு டிரெக்ஸ்லர் இருக்கும்போது அதே இடத்துக்கு இன்னொருவர் எதற்கு என்று, நெட்டையர் சாம் போவியை எடுத்தார்கள். அடுத்து சிகாகோ எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன்! 2007-இல் முதல் வாய்ப்பே வந்தது. கிரெக் ஓடனா, கெவின் டுராண்டா? மறுபடியும் உயரத்துக்கே ஓட்டு. முழங்கால் காயத்தால் ஓடன் அந்த அணிக்கு ஆடியது மொத்தம் 82 லீக் ஆட்டங்கள்தான். டுராண்ட் 2014-இல் மிகச்சிறந்த வீரர் விருதே வாங்கிவிட்டார். ஆனால் ஒன்று, அன்றைக்கு நிபுணர்கள் பலரும் ஓடன் பக்கம்தான் நின்றார்கள்.