அபாயம் பற்றிய அறிவு யாருக்கு உரியது?
கணினிப் பாதுகாப்பில் அரசும் தனியார் துறையும் பற்றிய ஒரு குறிப்பு

அபாயம் பற்றிய அறிவு பகிரப்படுந்தோறும் பயன் பெருகும் இயல்புடையது. ஒரு வங்கியின் கணினி வலையமைப்பிற் புகுந்த தீங்குநிரலின் அடையாளத்தை ஏனைய வங்கிகள் அறிந்துகொண்டால், அந்நிரல் தம்மிடம் வருமுன்னரே அவை அதனைத் தடுத்துக்கொள்ளலாம். தகவலைக் கொடுத்த வங்கி அவ்வறிவை இழந்துவிடுவதுமில்லை. எனினும், நடைமுறையில் இவ்வறிவு எளிதிற் பகிரப்படுவதில்லை. இதற்கான காரணத்தைச் சமூக உறவுகளிலேயே தேடவேண்டும் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக்கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நாட்டின் மின்சாரம், எரிபொருள், வங்கி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளின் பெரும்பகுதி தனியார் உடைமையாகும். மக்கள் அனைவரும் தங்கியிருக்கும் வசதிகள் இலாப நோக்குடைய கம்பனிகளின் கையில் இருக்க, அவற்றைக் காக்கும் பொறுப்பில் அரசும் பங்கேற்க வேண்டியதாயிற்று. ‘கூட்டுறவு’ என்னும் கோட்பாடு இம்முரண்பாட்டின் அடியாகத் தோன்றியதே. 1998 மே மாதத்தில் ஜனாதிபதி கிளின்டன் வெளியிட்ட 63ஆம் இலக்கப் பணிப்பாணை, தகவற் பகிர்வு நிலையங்களை அமைக்குமாறு தனியார் துறையை ஊக்குவித்தது. மறு ஆண்டே நிதித்துறைக்கான நிலையம் உருவாயிற்று.

இக்கூட்டுறவுக்குச் சட்ட வடிவம் தந்தது 2015 டிசம்பரில் நிறைவேறிய இணையப் பாதுகாப்புத் தகவற் பகிர்வுச் சட்டமாகும். தாக்குதல் வந்த இணைய முகவரிகள், தீங்குநிரற் கோப்புகளின் அடையாளக் குறிகள், மோசடி மின்னஞ்சல்களின் இயல்புகள் என்பனவே பெரும்பாலும் பகிரப்படுவன. 2016இல் இவற்றைக் கணினிகளுக்கிடையே தன்னியக்கமாகப் பரிமாறும் முறையை உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் தொடக்கியது. தகவலைக் கொடுப்பதால் வழக்குத் தொடரப்படலாம், போட்டிக் கம்பனிகளுடன் கூடிச் செயற்பட்டதாகக் குற்றஞ் சாட்டப்படலாம், கொடுத்த தகவல் பகிரங்கமாகலாம் என்பன கம்பனிகளின் அச்சங்களாக இருந்தன. அச்சட்டம் இம்மூன்றிலிருந்தும் அவற்றுக்குக் காப்பளித்தது. பகிர்வதோ அவற்றின் விருப்பத்துக்கு விடப்பட்டது. தொடர்பற்ற தனிமனித விபரங்களை நீக்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றபோதிலும், அது போதாதெனக் குடியுரிமை அமைப்புகள் எதிர்த்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இவ்வேற்பாட்டின் எல்லைகளை மூன்று நிகழ்வுகள் துலக்குகின்றன.

முதலாவது, தகவல் கிடைத்தும் பயன்படாமை. 2017 மார்ச் 8ஆந் திகதி ‘அப்பாச்சி ஸ்ரட்ஸ்’ என்னும் மென்பொருளின் குறைபாடு குறித்து அரசின் கணினி அவசர உதவிக் குழு எச்சரித்தது. கடன் தகவல்களைத் திரட்டி விற்கும் ஈக்குவிபக்ஸ் கம்பனிக்கும் அவ்வெச்சரிக்கை கிடைத்தது. ஆயினும் குறைபாடு திருத்தப்படவில்லை. மே மாதம் அதன்வழி நுழைந்தோர் ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்தனர். செப்டெம்பரிலேயே மக்கள் இதனை அறிந்தனர்.

இரண்டாவது, அரசின் மௌனம். மைக்ரோசொப்ட் விண்டோஸில் இருந்த ஒரு குறைபாட்டைத் தேசிய பாதுகாப்பு முகவரகம் உளவுக் கருவியாக்கி இரகசியமாக வைத்திருந்தது. அக்கருவி வெளியே கசிந்தது. மைக்ரோசொப்ட் 2017 மார்ச்சில் திருத்தத்தை வெளியிட்டிருந்தும், அது சேராத கணினிகள் பல இருந்தன. மே 12இல் பரவிய ‘வனாக்கிரை’ தீங்குநிரல் அவ்வழியே இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையையும் தாக்கியது. குறைந்தது 81 மருத்துவமனை நிருவாகங்கள் பாதிக்கப்பட்டன. நோயாளர் பலரின் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பகிர்வைப் போதித்த அரசே தன் தேவைக்காக அறிவைப் பதுக்கியமை மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது, கம்பனியின் தயக்கம். 2021 மே மாதம் கொலோனியல் எரிபொருட் குழாய்க் கம்பனி தாக்கப்பட்டபோது, அது சுமார் 44 இலட்சம் டொலர் கப்பம் செலுத்தியது. இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான முகவரகமோ இத்தாக்குதலைக் கம்பனியிடமிருந்தன்றி எஃப்.பி.ஐ. வழியாகவே அறிந்தது. இதன் பின்னர் 2022 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம், பாரிய தாக்குதல்களை 72 மணித்தியாலத்துள்ளும் கப்பக் கொடுப்பனவை 24 மணித்தியாலத்துள்ளும் அறிவிப்பதைக் கடப்பாடாக்கியது. விரிவான விதிகள் வகுக்கப்பட்ட பின்னரே அது நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டது. விருப்பத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

இங்கு தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. அபாயம் பற்றிய அறிவு பலரது உழைப்பால் விளைவது. அதன் பயனும் பலருக்குரியது. அதன் உடைமையோ கம்பனியின் நற்பெயருக்கும் அரசின் இரகசியத்துக்கும் உட்பட்டுக் கிடக்கிறது. இரு தரப்பினரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மூன்றாந் தரப்பினரான மக்கள் இடம்பெறவில்லை. விபரங்களை இழந்தவரும் சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளரும் அவர்களே.

இதனால், பகிர்வு வேண்டாம் என்பது பொருளன்று. 2015ஆம் ஆண்டுச் சட்டம் 2025 செப்டெம்பர் 30இல் காலாவதியாகி, நவம்பரில் தற்காலிகமாக நீடிக்கப்பட்டபோது, பகிர்வு தடைப்படுமோ என்று எழுந்த கவலை நியாயமானதே. ஆயினும் கொடுப்போருக்கு என்ன காப்பு என்பதோடு விவாதம் நின்றுவிடலாகாது. எச்சரிக்கையைப் பெற்றும் செயற்படாதவரை யார் கேட்பது, மறைத்த அரசை யார் வினவுவது, பாதிக்கப்பட்டோருக்கு எப்போது அறிவிப்பது என்பனவும் சட்டத்தின் வினாக்களாதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கிட்டும்போதே ‘கூட்டுறவு’ என்னுஞ் சொல் முழுப்பொருள் பெறும்.